கறுப்பு எருதில் ஒரு சாப்பாடு

வெஸ்ட்கார்த்,
நார்தம்பர்லாந்து,
19 ஆகஸ்ட் 1973

அன்புள்ள தங்கை ஹில்டாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் உயிரோடுதான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் எனக்கு முன்னாலேயே ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டது. நெஞ்சில் சுரங்கத்துத் தூசி பழைய இடத்திலேயே இருக்கிறது. அடிலெய்டில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? அவர் முதுகுவலி தேவலையா?

லீக்ஸ் போட்டிக்கு இன்னும் ஒரு மாதம்தான், யார் வளர்த்த வெங்காயத்தாள் பருமன் என்று அளக்கப் போகிறார்கள். ஊரில் எந்த ஆண்பிள்ளையும் வீட்டுக்குள் இல்லை, எல்லாரும் பாத்தியில்தான். இந்த வருஷம் என் தண்டு என் கணுக்காலைவிடப் பருமன். ஆனாலும் எர்னியின் பாத்தியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அவனுடையதை ஒரு கையால் தூக்க முடியாது. வழக்கம்போல அவன் முதல், நான் இரண்டாவது. பழகிப்போன தோல்வியில் ஒரு சுகம் இருக்கிறது, உனக்குப் புரியாது.

எர்னி இப்போது தோட்டத்துக் கொட்டகையிலேயே குடியிருக்கிறான். எவனாவது வந்து தண்டை வெட்டிவிடுவான் என்று பயம். போன வருஷம் பக்கத்து ஊரில் அப்படி நடந்தது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் கொட்டகையில். டோரா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்துப் பதினைந்து நாள் ஆகிறது. பெரிய ஆபரேஷன். அவன் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தான், அதுவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஏண்டா, வயித்தைக் கிழிச்சுத் தைச்ச பொண்டாட்டி உள்ளே தனியாக் கெடக்கா, நீ வெங்காயத்தாளுக்குக் காவல் உக்காந்திருக்கியே" என்றேன்.

"டோரா எங்கேயும் ஓடிற மாட்டா. இதை எவனாவது வெட்டிட்டுப் போனா வருமா?" என்கிறான்.

இன்று காலையில் டோரா மெல்ல நடந்து வந்து என் கேட்டருகே நின்றாள். நிறம் வெளுத்துத்தான் இருக்கிறாள். சின்னதாக ஒரு உதவி கேட்டாள். செய்கிறேன் என்றேன்.

குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
சிரில்


அடிலெய்ட்,
2 செப்டம்பர் 1973

அன்புள்ள அண்ணனுக்கு,

ஹில்டா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் மாப்பிள்ளையின் முதுகு வேலைக்குப் போகும்போது வலிக்கிறது, மீன் பிடிக்கப் போகும்போது வலிப்பதில்லை. நீ நெஞ்சுச் சளிக்கு மருந்து சாப்பிடுகிறாயா, இல்லை அதையும் பாத்தியில் ஊற்றுகிறாயா?

இங்கே கடையில் லீக்ஸ் கட்டாய்க் கட்டிக் கிடக்கிறது. விரல் கனம்தான். எந்த ஆம்பளையும் அதற்காகப் பெண்டாட்டியை விட்டுக் கொட்டகையில் படுப்பதில்லை. எங்கள் ஊரில் அதுதான் கௌரவம் என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறாள். நானும் சேர்ந்து சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது.

டோரா உன்னிடம் என்ன உதவி கேட்டாள்? பாதியில் விட்டுவிட்டாய். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவள் கல்யாணத்தில் நான்தான் தோழி. வாய்விட்டு எதையும் கேட்கிற ஜாதி இல்லை. அவளே நடந்து வந்து கேட்டாள் என்றால் சின்ன விஷயமாக இருக்காது. எழுது.

எர்னியிடம் நான் விசாரித்ததாகச் சொல்லாதே. டோராவிடம் மட்டும் சொல்.

அன்புத் தங்கை
ஹில்டா


வெஸ்ட்கார்த்,
16 செப்டம்பர் 1973

அன்புள்ள ஹில்டாவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. நீங்கள் சுகமாக இருப்பது சந்தோஷம். நான் அவ்வளவு சுகமில்லை. என்ன ஆயிற்று என்று ஊரார் வாயால் உனக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை எர்னியைக் கறுப்பு எருது பப்புக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றான். "பாத்தி எங்கேயும் நடந்து போயிடாதுடா. ஒரு வேளை மேசையில உக்காந்து மனுஷனாச் சாப்பிடு" என்று கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். மாற்றிய சட்டையிலும் மண் வாசனைதான்.

பன்றித் தொடைக்கறியும் பட்டாணி மசியலும் சொன்னோம். முதலில் வாசலைப் பார்த்த மாதிரியே உட்கார்ந்திருந்தான். இரண்டாவது பியரில் முதுகைச் சாய்த்தான். சாப்பிட்டான் பார், தட்டில் பூ போட்டிருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"சிரில், உன் பாத்தியில வளர்றது லீக்ஸா, இல்ல உன் கால் கட்டைவிரலா?"

"சிரிடா, சிரி. இந்தத் தடவை அளவு நாடாதான் பேசும்."

"அளவு நாடாவுக்கு உன்னைப் பாத்து அழுகைதான் வரும். நான் என்ன ஊத்துறேன்னு தெரியுமா? சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"உன் பொண்டாட்டி சாப்பிட வேண்டியதை நீ ஊத்துறது ஊருக்கே தெரியும்."

அதற்கும் சிரித்தான். கடைக்காரன் டாம், "உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா இந்த மேசையில பாத்து எத்தனை நாளாச்சு" என்று தானே வந்து தட்டை எடுத்துப் போனான். ஹில்டா, அந்த ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். சுரங்கத்தில் ஒரே குழியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள் நாங்கள். இவனைத் தவிர என்னிடம் சிரித்துப் பேச இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

திரும்பி வரும்போது இருட்ட ஆரம்பித்துவிட்டது. அவன் தோட்டத்துக்குள் போனான், நான் தெருவில் நடந்தேன். ஒரு சத்தம் கேட்டது. சுரங்கத்தில் மண் சரிந்து ஆள் மாட்டிக்கொண்டால்தான் அப்படிச் சத்தம் வரும். ஓடினேன்.

எல்லாத் தண்டும் கழுத்தோடு வெட்டிக் கிடந்தது. போட்டிக்கு வைத்திருந்தது மட்டுமில்லை, விதைக்கென்று ஓரத்தில் விட்டிருந்த இரண்டும் போயிற்று. அவன் அப்பா காலத்து வித்து, இனி வராது.

லீக்ஸ் சங்கத்து ஆட்கள் டார்ச்சோடு வந்துவிட்டார்கள். ஒருவர் கேட்டார்: "கொட்டகையை விட்டு நகரவே மாட்டியே எர்னி. இன்னைக்கு உன்னை வெளியே கூட்டிட்டுப் போனது யாரு?"

"சிரில்" என்றான் எர்னி.

அவ்வளவுதான். ஒவ்வொருவராக என் முகத்தைப் பார்த்தார்கள். முதல் பரிசுக்காரன் இல்லாமல் போனால் அடுத்தவன் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் எர்னியோடு மேசையில்தானே உட்கார்ந்திருந்தேன் என்கிறாயா? "கையாள் வெச்சு வெட்ட முடியாதா?" என்று மறுநாளே பேச்சு வந்துவிட்டது.

வேறு ஒன்றும் விசேஷமில்லை. மழை இல்லை.

உன் அண்ணன்
சிரில்


அடிலெய்ட்,
30 செப்டம்பர் 1973

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. இங்கே சுகம்தான், ஆனால் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எர்னி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சிரில் அப்படிப்பட்டவன் இல்லை." மூன்றே வார்த்தை. அந்தப் பாவிக்கு அது வாயில் வரவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், மழுப்பாதே. உன் ஆயுசில் நீ யாரையும் வலியப் போய்ச் சாப்பிடக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. கஞ்சத்தனம் என்று சொல்லவில்லை, கூச்சம். யாராவது கூப்பிட்டால் போவாய், நீயாகக் கூப்பிட மாட்டாய். அப்படியிருக்க, போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, காவல் இருக்கிறவனைக் கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கூப்பிட்டாயாம். டோரா உன் கேட்டருகே வந்து கேட்ட உதவி இதுதானே? "அவரை ஒரு வேளை வெளியே கூட்டிப் போய்ச் சாப்பிட வையுங்கள்" என்றாள், அதுதானே?

அதுதான் என்றால் ஊரைக் கூட்டிச் சொல். டோரா கேட்டாள், நான் செய்தேன் என்று சொல்வதில் என்ன தப்பு? அவள் வாய் என்ன செய்கிறது? ஏன் அவளே சொல்லவில்லை?

உடனே பதில் போடு.

ஹில்டா


வெஸ்ட்கார்த்,
11 நவம்பர் 1973

அன்புள்ள ஹில்டாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பதில் போடத் தாமதமாகிவிட்டது, விரல் மூட்டுகளில் வாதம். இங்கே மூடுபனி ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளைக்கு நல்ல மீன் கிடைக்கிறதா?

போட்டி நடந்தது. நான் கலந்துகொள்ளவில்லை. வைத்திருந்தால் முதல் பரிசு எனக்குத்தான். அதற்காகத்தான் வெட்டினான் என்பார்கள். வைக்கவில்லை, "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது பாத்தியா" என்றார்கள். என் தண்டெல்லாம் மண்ணிலேயே அழுகிப்போயிற்று. வாசனை வீடு வரைக்கும் வந்தது.

வியாழக்கிழமைதோறும் பப்புக்குப் போகிறேன். போகாவிட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். நான் உள்ளே நுழைந்தால் டோமினோ ஆட்டம் அதோடு முடிந்துவிடும், யாருக்கோ வீட்டில் வேலை ஞாபகம் வரும். டாம் பியர் ஊற்றித் தருகிறான். மீதிச் சில்லறையைக் கையில் தருவதில்லை, பலகைமேல் வைக்கிறான். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை ஹில்டா. சொன்னால் பதில் சொல்லலாமே.

எர்னி வேறு மேசையில் உட்காருகிறான். இப்போதெல்லாம் சீக்கிரம் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறான்.

டோராவைப் பற்றிக் கேட்டிருந்தாய். தையல் பிரித்தாயிற்று. நடமாடுகிறாள்.

பனியில் நடக்காதே என்று எழுத வந்தேன், உங்களுக்கு அங்கே வெயில்காலம் அல்லவா. தொப்பி போட்டுக்கொள்.

உன் அண்ணன்
சிரில்


அடிலெய்ட்,
25 நவம்பர் 1973

அன்புத் தோழி டோராவுக்கு,

ஹில்டா எழுதுகிறேன். ஆபரேஷனுக்கு அப்புறம் தேறி வருகிறாய் என்று கேள்விப்பட்டேன். முன்னாடியே எழுதாதது என் தப்புதான், மன்னித்துவிடு.

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது, அது உனக்கே தெரியும். அன்றைக்கு எர்னியை வெளியே கூட்டிப் போகச் சொல்லி என் அண்ணனைக் கேட்டது நீதானே? அவர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். டோராவைப் பற்றிக் கேட்டால் தையல் பிரித்தாயிற்று என்று எழுதுகிறார். அறுபது வயசு ஆளுக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதுதான். ஆனால் நீ வாயைத் திறந்தால் ஊர் தானாக மூடிக்கொள்ளும். நீ ஏனடி சும்மா இருக்கிறாய்?

எனக்கு மனசுக்குள் ஒரு சந்தேகம் இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை. நீயே சொல்.

உன் தோழி
ஹில்டா


வெஸ்ட்கார்த்,
20 ஜனவரி 1974

அடி ஹில்டா,

புது வருஷ வாழ்த்து. உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் கடவுள் நல்ல சுகம் கொடுக்கட்டும். பதிலே போடக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தை ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். ரொட்டி எடுக்கப் போகும்போதெல்லாம் டப்பாவைத் தூக்கிப் பார்ப்பேன். நேற்று எரித்துவிட்டேன். எரித்த அப்புறமும் தூக்கிப் பார்க்கிறேன்.

ஆமாம். நான்தான் கேட்டேன். உன் சந்தேகமும் சரிதான். நான்தான் வெட்டினேன்.

திட்டம் போட்டுச் செய்யவில்லை, நம்பினால் நம்பு. அந்த மனுஷன் ஒரு வேளையாவது மேசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்றுதான் சிரிலைக் கேட்டேன். டாக்டர் என்னைத் தினம் முட்டை சாப்பிடச் சொல்லியிருந்தார். அவர்கள் சாப்பிடப் போன அன்று காலையில் கூடையைப் பார்த்தால் முட்டை இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒவ்வொன்றாக உடைத்து, பாலில் அடித்து, பாத்தியில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றும்போது பேசிக்கொண்டே ஊற்றினார். "குடிடா ராஜா, குடி, இன்னும் கொஞ்சம் குடி." அந்தக் குரலை எனக்கு அடையாளமே தெரியவில்லை ஹில்டா. நாற்பது வருஷத்தில் என்னிடம் ஒரு தடவை அப்படிப் பேசியிருந்தால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் குனிந்து ஒரு தடவை அப்படிப் பேசியிருந்தால், எனக்கு முட்டையே வேண்டாம்.

சாயங்காலம் அவர்கள் போன அப்புறம் புதினா பறிக்கப் போனேன், கையில் ரொட்டிக் கத்தி இருந்தது. முதல் தண்டை வெட்டும்போது அழுதேன். அப்புறம் அழவில்லை.

மறுநாள் காலையில் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் அவர் வீட்டுக்குள் வந்தார். மேசையில் உட்கார்ந்து, என் மடியில் தலையை வைத்து அழுதார். "இனிமே நீதான் டோரா, வேற எனக்கு என்ன இருக்கு?" என்றார். அன்றிலிருந்து வீட்டில் படுக்கிறார். காலையில் டீ போட்டுக்கொண்டு வந்து தருகிறார். எனக்கு இந்த வயசில் புருஷன் கிடைத்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் அவ்வளவும் போய்விடும்.

சிரில் தனி ஆள். அவருக்கு என்ன நஷ்டம் சொல்லு. ஊரில் நாலு பேர் பேசமாட்டார்கள். எத்தனையோ வருஷம் நான் பேச்சுத்துணை இல்லாமல் இருந்தேன், செத்தா போய்விட்டேன்?

திட்டுவதென்றால் திட்டு. எர்னிக்கு மட்டும் எழுதாதே.

டோரா


வெஸ்ட்கார்த்,
10 மார்ச் 1974

அன்புள்ள ஹில்டாவுக்கு,

நெஞ்சுச் சளி கட்டி மூன்று வாரம் படுக்கையில் இருந்தேன். இப்போது எழுந்து நடக்கிறேன். அங்கே எல்லாரும் சுகமா?

டோராவுக்கு நீ எழுதினாயாம். ஆஸ்திரேலியா தபால்தலை வந்தால் இந்த ஊரில் ரகசியம் நிற்குமா? தபால்காரன் கேட்கிறான், "என்ன சிரில், தங்கச்சி இப்போ உனக்கு எழுதாம அந்த வீட்டுக்கு எழுதுது?" அவன் என்னிடம் பேசினதே எனக்குப் பெரிய விஷயமாகிவிட்டது, பார்த்துக்கொள். நின்று பதில் சொன்னேன்.

அந்த விஷயத்தை நோண்டாதே. நீ கேட்டதற்கு ஒரே ஒரு தடவை பதில் சொல்கிறேன், அப்புறம் கேட்காதே. அவள் கேட்டாள், நான் செய்தேன். மற்றவற்றை நான் பார்க்கவில்லை, அதனால் எனக்குத் தெரியாது. இன்னொருவன் பெண்டாட்டி பெயரைப் பப்பில் நாலு பேர் நடுவே எடுத்துப் பேசி என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமா? அப்பா இருந்தால் செருப்பால் அடித்திருப்பார்.

ஆனால் கோபம் இல்லை என்று நினைக்காதே. படுக்கையில் கிடந்தபோது யாரோ வாசலில் சூப்புப் பாத்திரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தட்டவில்லை, கூப்பிடவில்லை. பாத்திரம் யாருடையது என்று எனக்குத் தெரியும். அப்படியே சாக்கடையில் கொட்டினேன். பசிதான், இருந்தாலும் கொட்டினேன்.

எர்னியின் இருமல் பக்கத்துத் தெருவில் கேட்கும்போது மட்டும் கஷ்டமாக இருக்கிறது. அவனுக்கும் அதே தூசிதானே.

உன் அண்ணன்
சிரில்


அடிலெய்ட்,
14 ஏப்ரல் 1974

எர்னி அவர்களுக்கு,

சிரிலின் தங்கை ஹில்டா எழுதுகிறேன். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்களுக்கு நான் எழுதினதே இல்லை. எழுதக்கூடாது என்று டோரா கேட்டுக்கொண்டாள். அதையும் மீறி எழுதுகிறேன், ஏனென்றால் அவளுக்குப் புருஷன் இருக்கிறார், என் அண்ணனுக்கு யாருமில்லை. மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தவரை எட்டிப் பார்க்க ஒரு ஆள் வரவில்லை. உங்கள் லீக்ஸை வெட்டியது சிரில் இல்லை. உங்களைச் சாப்பிடக் கூட்டிப் போகச் சொன்னது டோரா. வெட்டியதும் டோரா. அவளே எனக்கு எழுதினாள்.

அவளைக் கோபிக்காதீர்கள். உங்கள் ராஜாக்களுக்கு முட்டை ஊற்றினீர்களே, அவளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று மட்டும் யோசியுங்கள். ஆனால் என் அண்ணன் பெயரைத் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் பப்பில் நின்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் கேட்க மாட்டார், நான் கேட்கிறேன்.

ஹில்டா


வெஸ்ட்கார்த்,
12 மே 1974

ஹில்டாவுக்கு,

சுகம். கடிதம் வந்தது. டோரா சந்தைக்குப் போன நேரத்தில் வந்தது நல்லதாயிற்று.

எனக்குத் தெரியும். நீ எழுதித் தெரிந்ததில்லை, அன்றைக்கே தெரியும். பாத்திக்குப் போகிற வழியில் டோராவின் புதினா படர்ந்து கிடக்கும். வெட்ட வந்த ஆள் ஒரு இலையைக்கூட மிதிக்கவில்லை, தடம் ஓரமாகச் சுற்றிப் போயிருந்தது. எந்த எதிரி புதினாவைப் பார்த்து நடப்பான்? டார்ச் வெளிச்சம் பட்டதுமே புரிந்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

சுற்றிலும் சங்கத்து ஆட்கள் நிற்கிறார்கள். கூட்டிப் போனது யாரென்று கேட்டார்கள். சிரில் என்றேன். அது பொய்யில்லையே. மீதியை அவர்களே நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

நீ தூரத்தில் இருக்கிறாய், உனக்கு எழுதச் சுலபம். எனக்கு அறுபத்தெட்டு வயசு. என் பெண்டாட்டியே வெட்டினாள் என்று சொல்லிவிட்டு இந்த ஊரில் நான் எப்படி நடப்பேன்? அவளும் நானும் ஒரு மேசையில் எப்படி உட்காருவது? எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். டோமினோவுக்கு வேறு ஆள் கிடைக்கும். கடைசிக் காலத்தில் தட்டு வைக்க வேறு ஆள் கிடைக்காது. இரண்டில் ஒன்று என்று வந்தது, சிரிலை விட்டேன். அவனும் என் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பான். செய்ய மாட்டான் என்றும் தோன்றுகிறது. அதனால்தான் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

நீ கேட்டதை யோசித்தேன். சிரிலுக்கு நான் சரிப்படுத்தித் தருகிறேன். என் வழியில் செய்கிறேன். இனிமேல் இந்த விலாசத்துக்கு எழுதாதே.

எர்னி


வெஸ்ட்கார்த்,
9 ஜூன் 1974

அன்புள்ள ஹில்டாவுக்கு,

நலம். மாப்பிள்ளை முதுகுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னது கேட்டு நிம்மதி. இங்கே நல்ல வெயில். இந்த வருஷம் நான் பாத்தி போடவில்லை, உருளைக்கிழங்கு வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை எர்னி என் வாசலுக்கு வந்தான். ஒன்பது மாதத்துக்கு அப்புறம். "சாப்பிடப் போலாம் வாடா" என்றான். நான் முகம் கழுவி, கல்யாணத்துக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான்: சொல்லப் போகிறான். தெரிந்துவிட்டது, சொல்லப் போகிறான்.

கறுப்பு எருதில் சங்கத்து ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். டோராவும் வந்திருந்தாள். அதே மேசை, அதே தொடைக்கறி, பட்டாணி மசியல். தட்டு வந்ததும் எர்னி எழுந்து நின்று கண்ணாடிக் கோப்பையைக் கத்தியால் தட்டினான்.

"எல்லாரும் கேளுங்க. நடந்தது நடந்துபோச்சு. சிரிலோட தங்கச்சி ஆஸ்திரேலியாவுல இருந்து எனக்கு எழுதியிருக்கு. அண்ணனுக்காக அந்தப் பொண்ணு மன்னிப்புக் கேட்டிருக்கு. வயசான காலத்துல பகை எதுக்கு? நான் சிரிலை மன்னிச்சுட்டேன். என்னை மதிக்கிறவங்க நீங்களும் அவனை மன்னிக்கணும்."

மேசையைத் தட்டினார்கள். யாரோ "பெரிய மனசுய்யா எர்னிக்கு" என்றார்கள். ஒருவர் அழுதே விட்டார். டாம் வந்து என் தோளில் கை போட்டு, "விடு சிரில், மனுஷன்னா தப்பு பண்ணத்தான் செய்வான்" என்றான்.

நான் டோராவைப் பார்த்தேன். அவள் உப்பு டப்பாவைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். எர்னியைப் பார்த்தேன். அவன் கண் என்னிடம் கெஞ்சியது ஹில்டா. அவனுக்கு எல்லாம் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீ எழுதியது மன்னிப்புக் கேட்கிற கடிதம் இல்லை என்பதும் தெரிந்தது. என் தங்கையை நான் அறியாதவனா?

எல்லாரும் நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். டோரா இன்னும் உப்பு டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நன்றி எர்னி" என்றேன்.

எல்லாரும் கை கொடுத்தார்கள். தட்டில் இருந்ததை மீதி வைக்காமல் சாப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை டோமினோவுக்கு என்னைச் சேர்த்திருக்கிறார்கள், எர்னிக்கு ஜோடியாக. போவேன்.

உன் மேல் எனக்கு வருத்தமில்லை. நல்லதென்று நினைத்துத்தான் செய்தாய். இனிமேல் எனக்காக யாருக்கும் எழுதாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
சிரில்